பழைய ஜீப்பில் டீசல் ஹீட்டர் மாட்டியிருக்கிறீர்களா? ஓடவிடும் முன் வண்டிக்கு அடியில் பாருங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம், குலசேகரம் பக்கம் பழைய ஜீப் வைத்துக்கொண்டு லடாக் போகும் ஆசையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். குளிருக்கு டீசல் ஹீட்டர் மாட்டித் தருகிறோம் என்று நம் மாவட்டத்திலும் ஒர்க்‌ஷாப்காரர்கள் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அப்படி மாட்டித் தந்த ஹீட்டர் என்னையும் என் மச்சினனையும் மூணாறில் ஒரே ராத்திரியில் முடித்திருக்கும். பணம் போனது இரண்டாவது விஷயம்தான்.

வண்டி மஹிந்திரா எம்எம் 540. பெஜோ எக்ஸ்டிபி எஞ்சின், நாலு வீலும் இழுக்கும். முன்பு ரப்பர் எஸ்டேட்டில் ஷீட் ஏற்றிக்கொண்டிருந்த வண்டி. நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் லடாக்கில் லே நகரம் 3,500 மீட்டர் உயரம், பாங்காங் ஏரிக்கரை 4,200 மீட்டருக்கும் மேல். கோடையிலும் அங்கே ராத்திரி நடுக்கும். வண்டியிலேயே படுக்க வேண்டும் என்றால் எஞ்சின் ஆஃபில் இருக்கும்போதும் சூடு வேண்டும். அதற்குத்தான் இந்த ஹீட்டர்.

இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால்தான் எனக்குச் செய்த கொடுமை புரியும். ஒரு சின்னப் பம்பு டிக் டிக் என்று டீசலைச் சொட்டுச் சொட்டாக அனுப்பும். உள்ளே குளோ பிளக் அதைப் பற்றவைக்கும். எரிவதற்கான காற்று வெளியிலிருந்து ஒரு குழாயில் வரும், புகை இன்னொரு குழாயில் வெளியே போகும். எரியும் அறையைச் சுற்றி அலுமினிய உறை. வண்டிக்குள் வரும் காற்று அந்த உறையின் மேலே உரசிச் சூடாகி வரும், தீயைத் தொடவே தொடாது. இரண்டு காற்றும் எந்த இடத்திலும் கலக்கக் கூடாது. மொத்தப் பாதுகாப்பும் அந்த ஒன்றில்தான் இருக்கிறது.

நாகர்கோவிலில் இருந்து அதிக தூரமில்லாத ஒரு ஒர்க்‌ஷாப்பில் பேசினேன். ஜெர்மன் சரக்கு, 8 கிலோவாட், இமயமலை உச்சியிலும் நிற்காது என்றார்கள். ஃபிட்டிங்கோடு 72,000 ரூபாய். பில் கேட்டதற்கு ஆடிட்டர் வரட்டும் என்று சொல்லி ஒரு துண்டுச் சீட்டு தந்தார்கள். பெட்டியைக் காட்டுங்கள் என்றேன், குப்பையில் போட்டாச்சு என்றார்கள்.

அந்த 8 கிலோவாட் கணக்கைப் பிறகு போட்டுப் பார்த்தேன். நீங்களும் போடலாம். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 10 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வரும். 8 கிலோவாட் வேண்டுமானால் மணிக்கு 0.8 லிட்டருக்கு மேல் எரிய வேண்டும். ஹீட்டரோடு வந்த தாளிலேயே அதிகபட்சம் மணிக்கு அரை லிட்டர் என்று அச்சடித்திருக்கிறது. அப்படியானால் எத்தனை முக்கினாலும் 5 கிலோவாட்தான். ஜெர்மன் என்பதும் பொய். வெபாஸ்டோ, எபர்ஸ்பேஹர் என்ற ஜெர்மன் கம்பெனிகள் உண்மையிலேயே இதைப் பல காலமாகச் செய்பவை. எனக்கு மாட்டியதில் எந்தக் கம்பெனிப் பெயரும் இல்லை, சீரியல் நம்பரும் இல்லை. அதே உருவம் ஆன்லைனில் நான் கொடுத்ததில் கால் பங்கு விலைக்கு வருகிறது. சீனச் சரக்கு என்பதற்காகவே மோசம் என்று சொல்ல மாட்டேன். ஒழுங்காக மாட்டினால் அதுவும் ஓடும். ஒழுங்காக மாட்டவில்லை என்பதுதான் என் புகார்.

வண்டி எடுக்கப் போன அன்றைக்கே ஹீட்டரைப் போட்டதும் உள்ளே கண் எரிந்தது. புகை மணம். சொன்னேன். "சார், ஒண்ணும் ஆவாது கேட்டியளா. புதுசுல்லா, டீசல்னா மணக்கத்தான் செய்யும். நாலு தடவை ஓட்டினா போயிரும்" என்றார் உரிமையாளர். புது ஹீட்டரில் உள்ளே தடவியிருக்கும் எண்ணெய் எரிந்து முதல் தடவை கொஞ்சம் மணக்கும் என்பது நிஜம். அந்த நிஜத்தைத்தான் அவர் திரையாகப் பிடித்தார். உள்ளே வரும் காற்றில் புகை மணம் தொடர்ந்து வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்: புகை உள்ளே வருகிறது.

லடாக்குக்கு முன் ஒரு சோதனையாக ஜனவரியில் மூணாறுக்குப் போனோம். தேனி, போடி வழியாக, போடிமெட்டு வளைவுகள் ஏறி. அந்த மாதத்தில் அங்கே சில விடியல்களில் புல் மேல் உறைபனியே படியும். ராத்திரி வண்டியில் ஹீட்டரைப் போட்டுப் படுத்தோம். நடுச்சாமத்தில் மச்சினன் எழுப்பினான். "அத்தான், தலை பொளக்கு. கக்கலா வருது" என்றான். எனக்கும் நெற்றி இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டிருந்தது. மலை ஏறி வந்திருக்கிறோம், அத்தனை வளைவு, வயிறு புரட்டத்தான் செய்யும் என்று அவனே சொன்னான். மருந்துப் பையில் கோவிட் காலத்தில் வாங்கிய, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இருந்தது. மாட்டிப் பார்த்தோம். அவனுக்கு 97, எனக்கு 98. அதைப் பார்த்து நிம்மதியாகக்கூட இருந்தது.

இந்த இடத்தைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். டீசல் சரியாக எரியாதபோது வருவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் மணமும் கிடையாது. நாம் முகர்வது கூட வரும் மற்றப் புகையை. ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண ஆக்சிமீட்டரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் என்றே காட்டும். ஆள் மயங்கும் நிலையிலும் அதில் 98 நிற்கலாம். தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு, அப்புறம் தூக்கம். லேயில் உயர மலை நோய்க்கும் முதல் அறிகுறிகள் இவையேதான். அங்கே இது நடந்திருந்தால் எல்லோரும் மலை நோய் என்று மாத்திரை கொடுத்து, குளிராமல் இருக்கட்டும் என்று ஹீட்டரைக் கூட்டியும் வைத்திருப்பார்கள்.

மச்சினன் வாந்தி எடுக்கக் கதவைத் திறந்து இறங்கியதுதான் எங்களைக் காப்பாற்றியது. வெளியே நின்ற கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் தலை தெளிந்தது. உள்ளே ஏறியதும் மறுபடி இடித்தது. அதற்கப்புறம் ஹீட்டரை அணைத்து, கதவுகளை விரியத் திறந்து போட்டு, போர்வையைச் சுற்றிக்கொண்டு வெளியிலேயே விடிய விடிய உட்கார்ந்திருந்தோம். காலையில் ஆஸ்பத்திரியில் மாஸ்க் போட்டு ஆக்சிஜன் வைத்தார்கள். வெறும் காற்றில் அந்த விஷம் பாதியாகக் குறையவே நாலைந்து மணி நேரம் ஆகும், ஆக்சிஜன் கொடுத்தால் சீக்கிரம் இறங்கும் என்று டாக்டர் விளக்கினார்.

ஊர் திரும்பியதும் தக்கலை பக்கம் லாரி வேலை பார்க்கும் ஒரு பெரியவரிடம் வண்டியைக் கொடுத்தேன். ரேம்ப்பில் ஏற்றி, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "மக்கா, இதுக்குள்ளயா உறங்குனிய?"

புகைக்குழாய் வண்டியின் அடியோடு பாதி தூரம் வந்து, டிரைவர் சீட்டுக்குக் கீழே சேஸிஸ் ஓரத்தில் நின்றிருந்தது. பாடிக்கு வெளியே வரவே இல்லை. எஸ்டேட்டில் ஓடிய, அப்புறம் குளச்சல் பக்கம் கடல் காற்றில் கிடந்த ஜீப்பின் தரைத்தகடு எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிரைவர் காலடியில் விரல் நுழையும் துரு ஓட்டைகள், கியர் லிவருக்கு அடியில் கிழிந்த ரப்பர். நின்ற வண்டியில் காற்று அசையாத ராத்திரியில் அந்தப் புகை மேலே ஏற இவ்வளவு போதும். ஹீட்டர் மாட்ட அதே தகட்டில் புதிதாக ஓட்டை போட்டவர்கள் பக்கத்தில் இருந்த துருவைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது.

அடுத்தது ஹீட்டரின் அடியில் இடுக்கை அடைக்க வரவேண்டிய கேஸ்கெட். அது இல்லை. சின்ன சைலன்சரின் ஒட்டு வாயில் கரி வழிந்திருந்தது. விலை குறைந்த செட்டுகளில் வரும் சைலன்சர் பெரும்பாலும் புகை இறுக்கமாக இருக்காது, அதனால் அது வண்டிக்கு முழுக்க வெளியே இருந்தே ஆக வேண்டும். காற்று இழுக்கும் குழாயும் புகை விடும் குழாயும் ஒரே ஓட்டை வழியாக இறங்கி, ஒரு சாண் இடைவெளியில் முடிந்திருந்தன. தான் விட்ட புகையைத் தானே இழுத்து, ஆக்சிஜன் குறைந்து, அரைகுறையாக எரிந்து மேலும் கார்பன் மோனாக்சைடைக் கக்கிக்கொண்டிருந்தது அந்த ஹீட்டர். திறந்தபோது உள்ளே அடுப்புக்கரி மாதிரி கட்டிக் கிடந்தது.

டீசலை டேங்கில் தனிக் குழாய் இறக்கி எடுக்க வேண்டும். இவர்கள் எஞ்சினுக்குப் போகும் ஹோஸில் 'T' வடிவப் பிளாஸ்டிக் இணைப்பு வைத்துப் பிரித்திருந்தார்கள். காலையில் எஞ்சின் காற்று வாங்கி ஸ்டார்ட் ஆக மறுத்ததன் காரணம் அது. அந்த ஹோஸ் சூடான புகைக்குழாயை ஒட்டியே போயிருந்தது. கரன்ட் சாவியிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. இது பேட்டரியிலிருந்து நேராக, ஃபியூஸ் வைத்து வரவேண்டியது. அணைத்த பிறகும் ஃபேன் சில நிமிடம் ஓடி உள்ளே இருக்கும் சூட்டை வெளியேற்ற வேண்டும். சாவியைத் திருப்பியதும் கரன்ட் அறுந்தால் உள்ளே சூடு தேங்கி எல்லாம் பொசுங்கும்.

உயரத்தைப் பற்றி யாருமே யோசிக்கவில்லை. லேயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். பம்பு மட்டும் இங்கே சொட்டிய அதே அளவு டீசலைச் சொட்டினால் எரிக்கக் காற்று போதாது. அதற்கு உயரத்துக்கேற்ப டீசலைக் குறைக்கும் கன்ட்ரோலர் வேண்டும், இல்லையென்றால் தெரிந்தவர் கையால் பம்பு வேகத்தைக் குறைத்து வைக்க வேண்டும். இமயமலை உச்சியிலும் ஓடும் என்று சொல்லி விற்ற ஹீட்டரில் இரண்டும் இல்லை.

போட்டோக்களோடு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். வண்டி பழசு, தரை ஓட்டைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார் உரிமையாளர். மூடிய வண்டியில் படுக்கச் சொன்னது யார் என்று கேட்டார். ராத்திரி படுக்கத்தான் வேண்டும் என்று முதல் நாளே சொல்லி, அதற்குத்தான் இவர் விலை பேசினார். கடைசியில் 10,000 திருப்பித் தருகிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள் என்றார். வாங்கவில்லை. நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். முதலில் போனில் ஆலோசனை கேட்க 1915. பில் இல்லாவிட்டாலும் ஜிபேயில் பணம் போன பதிவும் வாட்ஸ்அப்பில் விலை பேசிய பதிவும் கைகொடுக்கின்றன. அவற்றை அழிக்காதீர்கள்.

மாட்டியே ஆகவேண்டும் என்றால், வண்டியை எடுக்கும் முன் ரேம்ப்பில் ஏற்றச் சொல்லுங்கள். புகைக்குழாயின் வாய் பாடியின் ஓரத்தைத் தாண்டி, ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். ரேம்ப்பில் ஏற்ற மறுக்கிற இடத்தில் பாக்கிப் பணம் கொடுக்காதீர்கள். தரையின் துருவை முதலில் வெல்டிங் வைத்து அடைத்த பிறகே ஹீட்டர். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம். புகை அலாரம் இதற்கு உதவாது. இஎன் 50291 என்ற ஐரோப்பியத் தர எண் போட்டதாகப் பாருங்கள், அதன் இரண்டாம் பகுதி வண்டிகளுக்கும் படகுகளுக்கும் உரியது. படுக்கும்போது தலை இருக்கும் உயரத்தில் மாட்டுங்கள். ஓட்டும்போது மட்டும் சூடு போதும் என்பவர்களுக்கு இந்த வம்பே வேண்டாம். எஞ்சின் சுடுதண்ணீரை ஒரு சின்ன ரேடியேட்டர் வழியாக விட்டு ஃபேன் வைக்கும் பழைய முறை ஹீட்டர் போதும். அதில் தனியாக எதுவும் எரிவதில்லை. தக்கலைப் பெரியவர் என் வண்டிக்கு இப்போது அதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்.

இன்னொன்று. என் ஜீப்புக்கு முன் அதே இடத்தில் ஒரு பச்சை நிறப் பழைய மஹிந்திரா கமாண்டர் ஜீப்புக்கும் இதே ஹீட்டரை மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். லடாக் போகிற வண்டி என்று அங்கே வேலை செய்யும் பையன் சொன்னான். உரிமையாளர் யார் என்று சொல்ல மறுத்துவிட்டார்கள். களியக்காவிளை பக்கத்து வண்டி என்று மட்டும் தெரிந்தது. அந்த வண்டியை யாருக்காவது தெரிந்தால் இதை உடனே அவரிடம் சேர்த்துவிடுங்கள். அண்ணே, நீங்களே இதைப் படித்தால், குழாய் எங்கே முடிகிறது என்று பார்க்கும்வரை அந்த ஹீட்டரைப் போடாதீர்கள்.