டிரெய்லருக்கு 6 கேலன் வெந்நீர் போதுமா?

வட அமெரிக்காவில் வண்டியின் பின்னே இழுத்துச் செல்லும், உள்ளே தங்கும் வசதி கொண்ட டிராவல் டிரெய்லர்களில் பரவலாகக் காணப்படுவது 6 கேலன், அதாவது ஏறக்குறைய 23 லிட்டர் கொள்ளும் தொட்டி ஹீட்டர்தான். எங்கள் டிரெய்லரின் பழைய தொட்டி ஒழுகத் தொடங்கியபோது, அதே கொள்ளளவில், கேஸிலும் மின்சாரத்திலும் இயங்கும் சபர்பன் எஸ்டபிள்யூ6டிஇ தொட்டி ஹீட்டரை வாங்குவதா, ஓடும் நீரை அவ்வப்போதே சூடாக்கித் தரும் தொட்டியில்லா ஹீட்டருக்கு மாறுவதா என்று பல நாள் யோசித்தோம்.

தொட்டியில்லா ஹீட்டரில் வெந்நீர் தீராது என்பது உண்மைதான். அவ்வகையைச் சேர்ந்த ட்ரூமா அக்வாகோ, மணிக்கு 60,000 பிடியூ (வெப்ப அளவின் அலகு) வரை எரியும். சபர்பனின் கேஸ் பர்னர் 12,000 பிடியூதான். ஆனால் நாங்கள் பெரும்பாலும் தங்குவது கழிவுநீர் இணைப்பில்லாத வன முகாம்களில். அங்கே குளித்த நீர் முழுவதும் வண்டிக்கு அடியிலுள்ள கழிவுநீர்த் தொட்டிக்கே போகிறது; எங்களுடையது 30 கேலன். வெந்நீர் கொட்டோ கொட்டென்று கொட்டினாலும், வடிவதற்கு இடமில்லையே! ஆகவே சபர்பனையே வாங்கினோம்.

கேஸில் முக்கால் மணி நேரத்துக்குள் தொட்டி சூடாகிவிடுகிறது. மின் இணைப்புள்ள முகாமில் 1,440 வாட் மின்சுருளைப் பயன்படுத்திப் புரொப்பேனை மிச்சப்படுத்தலாம். ஆனால் அது ஒன்றே 12 ஆம்பியர் இழுப்பதால், 30 ஆம்பியர் இணைப்பில் ஏசி ஓடும்போது மைக்ரோவேவையும் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும்.

இதன் தொட்டி, உட்புறம் போர்சலின் பூசிய எஃகு. அரிப்பைத் தான் வாங்கிக்கொண்டு தொட்டியைக் காப்பாற்ற, வடிகால் மூடியோடு சேர்ந்த மெக்னீசியம் ஆனோடு கம்பி ஒன்று உள்ளே நீண்டிருக்கிறது. முதல் குளிர்காலத்துக்கு முன், நீர் நன்றாக ஆறியபின் அழுத்தத்தை வெளியேற்றிவிட்டு, 1 1/16 அங்குல சாக்கெட்டால் அதைக் கழற்றினேன். கட்டைவிரல் பருமனில் இருந்த கம்பி, மென்று துப்பிய கரும்பைப் போல நடுநரம்பு தெரிய இளைத்திருந்தது. கூடவே வெள்ளைச் செதில்கள் கொட்டின. அலுமினியத் தொட்டி கொண்ட அட்வுட் வகை ஹீட்டருக்கு இந்த வேலை இல்லை. சோம்பல் மிகுந்தவர்கள் அதைப் பார்க்கலாம். ஆனால் இரண்டுக்கும் வண்டிச் சுவரில் வேண்டிய திறப்பளவு ஒன்றல்ல என்பதால் அளந்துவிட்டு வாங்குவது நல்லது.

மறு வசந்தத்தில் நான் செய்த தவறையும் சொல்லியாக வேண்டும். குளிர்காலத்துக்காகத் தொட்டியைக் காலிசெய்து, தண்ணீர் அதற்குள் போகாதபடி திருப்பிவைத்த பைபாஸ் வால்வை மீண்டும் மாற்ற மறந்துவிட்டேன். வெந்நீர்க் குழாயில் தண்ணீர் நன்றாக வந்ததால் தொட்டியும் நிறைந்திருக்கும் என்று எண்ணிச் சுவிட்சைப் போட, காலித் தொட்டியில் மின்சுருள் கருகிப்போயிற்று. பைபாஸ் நிலையில் அந்தக் குழாயில் வருவது தொட்டியைத் தொடாத தண்ணீர். இப்போதெல்லாம் சூடாக்கும் முன் வெளியே போய், அழுத்த வால்வின் நெம்புகோலைச் சற்றே தூக்கிப் பார்க்கிறேன். தண்ணீர் கசிந்தால்தான் சுவிட்ச்.