எஸ்எஸ்டி போடக் கொடுத்தேன்: ரூ.6,200 போச்சு, பட்டறைக் கணக்கும் போச்சு. சேலம்காரர்கள் கவனம்!

நேற்று ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். இன்னொருவர் அந்தக் கடைப் படி ஏறுவதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும்.

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். யாரிடம் எத்தனை கிராம் வெள்ளி கொடுத்தோம், எவ்வளவு கொலுசாகத் திரும்பி வந்தது, சேதாரம் எவ்வளவு, கூலி பாக்கி எவ்வளவு, எல்லாம் 2019-இல் வாங்கிய ஒரு டெஸ்க்டாப்பில்தான். உள்ளே 500 ஜிபி ஹார்டு டிஸ்க். ஆன் செய்துவிட்டு ஒரு டீ குடித்து வரலாம், அவ்வளவு மெதுவு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவையும் நிறுத்திவிட்டது. சரி, ஹார்டு டிஸ்க்கை விட வேகமாக ஓடும் எஸ்எஸ்டி டிரைவ் ஒன்றைப் போட்டு, அதில் விண்டோஸ் 11 ஏற்றிவிடலாம் என்று சிபியுவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

புதிய பஸ் ஸ்டாண்ட் பக்கம், மாடியில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. பெயர் சொல்லப்போவதில்லை. அங்கிருந்த தம்பி 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றை எடுத்து என் கையிலேயே கொடுத்தார். "சீல் உடைக்காத பெட்டிங்கண்ணா, நீங்களே பாருங்க." பார்த்தேன், சீல் இருந்தது. "உள்ள டேபிள்ல வச்சுப் பிரிச்சுக்கறோம், நீங்க வேலையைப் பாருங்க, சாயங்காலம் வாங்க" என்றார். கணக்கு ஃபைல் இருக்கிறதே என்று கேட்டேன். "பழைய டிஸ்க்குல கையே வைக்க மாட்டோம். உங்க ஃபைல் எல்லாம் டி டிரைவ்ல அப்படியே இருக்கும். என்னை நம்புங்கண்ணா."

நம்பினேன். வெள்ளிக்கு டச், அதாவது சுத்தம், பார்க்காமல் ஒரு கிராம்கூட வாங்காத குடும்பம் எங்களுடையது. அன்றைக்கு ஒரு பெட்டியின் சீலைப் பார்த்ததோடு திரும்பி வந்துவிட்டேன்.

டிரைவுக்கு 4,700, மாட்டி விண்டோஸ் ஏற்ற 1,500, மொத்தம் ரூ.6,200. பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் கூட வரும் என்று ஒரு எஸ்டிமேட் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டேன்.

பட்டறையில் வந்து ஆன் செய்தால் பழைய அதே மெதுவு. டி டிரைவைத் திறந்தேன், சுத்தமாகக் காலி. ஒரு ஃபைல் இல்லை. உடனே போன் செய்தேன். "ஃபைல் ஹைடு ஆகியிருக்கும்ணா, புது விண்டோஸ் செட்டாக ரெண்டு நாள் ஆகும், ஓடவிடுங்க." ரெண்டு நாள் ஓடவிட்டேன். அப்டேட்டாக இறங்கிக்கொண்டே இருந்தது.

மூன்றாம் நாள் அக்கா பெண் வந்தாள், கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறவள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தைத் திறந்தாள். "மாமா, இங்க பாருங்க. விண்டோஸ் இருக்கற சி டிரைவ்ங்கற இடத்துல எச்டிடின்னு, அதாவது பழைய ஹார்டு டிஸ்க்னு போட்டிருக்கு. எஸ்எஸ்டி சும்மா டி டிரைவா கிடக்கு." விண்டோஸை எஸ்எஸ்டியில் ஏற்றவே இல்லை! என் கணக்கு இருந்த ஹார்டு டிஸ்க்கை அழித்து, அதன் மேலேயே ஏற்றியிருக்கிறார்கள்.

எப்படி நடந்திருக்கும் என்பதையும் அவளே சொன்னாள். விண்டோஸ் ஏற்றும்போது வரும் பட்டியலில் டிரைவின் கம்பெனி பெயர் வராது, 0, 1 என்று எண்ணும் அளவும்தான் வரும். 500 ஜிபி அங்கே ஏறக்குறைய 465 என்று தெரியும், 512 ஜிபி 476 என்று தெரியும். அவசரத்தில் மாற்றி அமுக்கியிருக்கிறார். சரி, தவறு மனிதனுக்கு வரும். ஆனால் தெரிந்த பிறகும் மூடிக் கொடுத்தாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்புறம் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டாள். புது எஸ்எஸ்டி ஏற்கெனவே 8,412 மணி நேரம் ஓடியிருக்கிறது. இராப்பகலாகக் கணக்கிட்டால் 350 நாள்! அதில் காட்டிய சீரியல் நம்பர் ஒன்று, பெட்டியில் அச்சிட்டிருந்தது வேறு. பெட்டி புதுசு, உள்ளே மாட்டியது எவருடைய பழசோ.

நேரில் போனேன். முதல் நாள் டெக்னீஷியன் லீவு. அடுத்த நாள் ஓனர் வெளியூர். மூன்றாம் தடவை ஓனர் இருந்தார். "பேக்கப் எடுக்கச் சொல்லிக் கேட்டீங்களா?" என்று என்னையே கேட்டார். சீரியல் நம்பரைக் காட்டினால், "எங்க கடைச் சரக்குன்னு பில் இருக்கா?" என்கிறார். அவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டில் கடைப் பெயரே இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன். நான் ஜிபேயில் போட்ட ரூ.6,200 மட்டும் யாரோ ஒரு தனி ஆள் பெயருக்குப் போயிருக்கிறது. 1915 நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசிப் புகார் கொடுத்திருக்கிறேன்.

ஃபைல்களை மீட்க ஒருவரிடம் காட்டினேன். அழித்தவுடன் நிறுத்தியிருந்தால் நிறைய எடுத்திருக்கலாம், ரெண்டு நாள் அதன் மேலேயே எழுதிவிட்டதே என்றார். ஓடவிடுங்க என்று சொன்ன குரல் இன்னும் காதிலேயே நிற்கிறது.

விரிவாக எழுத நினைத்தேன், முடியவில்லை. இதையாவது செய்யுங்கள். முதலில் ஃபைல்களை வெளியே காப்பி எடுங்கள். பெட்டியை உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், சீரியல் நம்பரைப் படம் எடுங்கள். விண்டோஸ் ஏற்றும்போது பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றச் சொல்லுங்கள், பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். கடையை விட்டு இறங்குமுன் டாஸ்க் மேனேஜர், ஓடிய மணி நேரம் இரண்டையும் பாருங்கள். பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஃபைல் காணோம் என்றால் அந்த நிமிடமே ஆஃப் செய்துவிடுங்கள்.

சனிக்கிழமை எங்களுக்குக் கூலி நாள். ஆறு பேரிடமும் அவரவர் கையில் இருக்கும் துண்டுச் சீட்டுகளைக் கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். கிராம் கிராமாக மறுபடி நோட்டில் எழுத வேண்டும்.