சுவரில் சான்றிதழ் தொங்கினால் பாரிஸ்டர் இல்லை: லண்டனில் சொத்து வழக்குப் போடுவோருக்கு ஒரு எச்சரிக்கை

லண்டனில் வாழும் ஒரு தாயாருக்கு நடந்ததை அவருடைய அனுமதியோடு எழுதுகிறோம். பெயரும் இடமும் வேண்டாம் என்றார். எந்தெந்த இடத்தில் பிழை நடந்தது என்று தெரிந்தால் இன்னொரு குடும்பமாவது தப்பும்.

கணவர் இறந்துவிட்டார். வீடு அவர் பெயரில் மட்டும். உயிலில் எல்லாவற்றையும் தம்பிக்கு எழுதியிருந்தார். மனைவிக்கு ஒன்றும் இல்லை. தெரிந்தவர் சொல்லி, தாயார் ஒரு 'லீகல் கன்சல்டன்ட்'டிடம் போனார். அங்கே சுவரில், பாரிஸ்டர்களை, அதாவது நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்களை, ஏற்றுக்கொள்ளும் லிங்கன்ஸ் இன் என்ற சங்கத்தின் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. "அக்கா, நான் பாரிஸ்டர்தான், யோசிக்காதேங்கோ" என்றார் அந்த ஆள். 6,500 பவுண்ஸ் இரண்டு தவணையாக அவருடைய சொந்த வங்கிக் கணக்குக்குப் போனது. வீட்டுப் பதிவை எடுத்ததற்குத் தனியாக 250 பவுண்ஸ். காணி, வீட்டு உரிமைகளைப் பதியும் அரசு அலுவலகமான லாண்ட் ரெஜிஸ்ட்ரியில் அந்தப் பிரதியை யாரும் ஒன்லைனில் 7 பவுண்ஸுக்கு எடுக்கலாம்.

அவர் உருப்படியாகச் செய்தது ஒன்றே ஒன்று: இறந்தவரின் உயிலை நிறைவேற்ற அதிகாரம் வழங்கும் புரோபேட் ரெஜிஸ்ட்ரியில் ஒரு கேவியட் போட்டார். அதற்கான கட்டணம் 3 பவுண்ஸ். "கேவியட் போட்டாச்சு, இனி ஒண்டும் அசையாது" என்றார்.

இந்த இடத்தை ஆறுதலாக வாசியுங்கள். கேவியட் என்பது உயிலை நிறைவேற்றும் அதிகாரப் பத்திரம், அதாவது கிராண்ட், வெளிவராமல் தடுத்து வைப்பது. உயில் போலி, கட்டாயப்படுத்திக் கையெழுத்து வாங்கினார்கள் என்று உயிலையே எதிர்ப்பவர்களுக்கு அது பயன்படும். ஆறு மாதம்தான் உயிர். முடிவதற்கு முந்திய ஒரு மாதத்துக்குள் நீட்டாவிட்டால் தானாகக் காலாவதியாகும். இந்தத் தாயார் உயிலை எதிர்க்கவே இல்லை. உயில் சரியாக இருந்தாலும் மனைவிக்கு நியாயமான பங்கு வேண்டும் என்பதுதான் அவருடைய கோரிக்கை. அது 1975ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வரும் வேறு வழக்கு. இறந்தவரின் சட்டபூர்வ நிரந்தர வதிவிடம் இங்கிலாந்தாகவோ வேல்ஸாகவோ இருந்தால்தான் அதைப் போடலாம். கிராண்ட் வழங்கப்பட்ட நாளில் இருந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். இறந்த நாளில் இருந்து அல்ல, உங்களுக்குத் தெரியவந்த நாளில் இருந்தும் அல்ல.

கன்சல்டன்ட் கேவியட்டை நீட்டவில்லை. அது காலாவதியானதும் தம்பி கிராண்ட் எடுத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து, வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி எதிர்த்தரப்பு சொலிசிட்டரின், அதாவது வழக்கை எடுத்து நடத்தும் சட்டத்தரணியின், கடிதம் வந்தது. கிராண்ட் வந்த திகதி அந்தக் கடிதத்தின் இரண்டாவது வரியிலேயே இருந்தது. தாயார் அதைத் தூக்கிக்கொண்டு ஓடினார். "சும்மா வெருட்டுறாங்கள்" என்று சொல்லி அந்த ஆள் கடிதத்தை ஃபைலில் போட்டு மூடினார். அன்றைக்கு இன்னும் நாலு மாதம் கையில் இருந்தது. வேறொரு சொலிசிட்டர் அந்த ஃபைலைத் திறந்தபோது கிராண்ட் வந்து எட்டு மாதம் கடந்துவிட்டது. ஃபைலில் 'பாரிஸ்டர் ஒப்பீனியன்', அதாவது பாரிஸ்டரின் சட்டக் கருத்து, என்று இரண்டு பக்கம் இருந்தது. அதில் எழுதியவர் பெயரும் இல்லை, சேம்பர்ஸ் என்னும் பாரிஸ்டர் அலுவலகத்தின் பெயரும் இல்லை, திகதியும் இல்லை.

மனம் வெந்துபோகிறது, ஏனென்றால் மனைவியின் நிலை இந்தச் சட்டத்தில் மிகப் பலமானது. மற்றவர்களுக்குப் பராமரிப்புக்குத் தேவையானது மட்டும்தான். கணவன் மனைவிக்கு அந்த எல்லை இல்லை. விவாகரத்து நடந்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்றும் நீதிமன்றம் பார்க்கும். வளர்ந்த பிள்ளைகளின் நிலை வேறு. 2017இல் உச்ச நீதிமன்றம் முடித்த ஐலட் வழக்கில் 4,86,000 பவுண்ஸ் சொத்தில் மகளுக்கு 50,000தான் கிடைத்தது.

அந்தச் சான்றிதழ் பொய்யானது என்று நாங்கள் சொல்லவில்லை. லிங்கன்ஸ் இன் போன்ற நான்கு இன்களில் ஒன்று ஒருவரைப் பாரிஸ்டராக ஏற்றுக்கொண்டதற்கு அது அத்தாட்சி, அவ்வளவே. அதற்குப் பிறகு பியூப்பிலேஜ் என்னும் பயிற்சி முடித்து, வருடா வருடம் தொழில் உரிமம் எடுத்தால்தான் தொழில் செய்யலாம். உரிமம் இல்லாதவர் சட்டச் சேவை கொடுக்கும்போது தன்னைப் பாரிஸ்டர் என்று சொல்லிக்கொள்வதற்கே விதி இடம் தராது. பாரிஸ்டர்களைக் கண்காணிக்கும் பார் ஸ்டாண்டர்ட்ஸ் போர்டின் இணையப் பட்டியலில் பெயரைத் தட்டிப் பாருங்கள். உரிமம் இருக்கிறதா, பப்ளிக் அக்சஸ் அனுமதி இருக்கிறதா என்று அதிலேயே தெரியும். அந்த அனுமதி இருந்தால் சொலிசிட்டர் இல்லாமல் நீங்கள் நேரே பாரிஸ்டரிடம் போகலாம். வேலை என்ன, கட்டணம் எவ்வளவு என்று அவர் எழுத்தில் தருவார். வாடிக்கையாளரின் காசைத் தன்னிடம் வைத்திருக்க பாரிஸ்டருக்கு அனுமதி கிடையாது. ஆகவே 'கோர்ட் செலவுக்கு என்னிடம் போட்டு வையுங்கோ' என்று பாரிஸ்டர் என்பவர் கேட்டால் அங்கேயே எழும்பி வந்துவிடுங்கள். வழக்கை நடத்தும் தனி அனுமதி இல்லாத பாரிஸ்டர் உங்களுக்காக வழக்கைப் பதிவுசெய்யவும் முடியாது. சொலிசிட்டர் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே உங்கள் பெயரில் செய்ய வேண்டும். 'எல்லாம் நானே பார்க்கிறேன்' என்பவரிடம் அந்த அனுமதியைக் காட்டச் சொல்லுங்கள்.

'லோயர்', 'கன்சல்டன்ட்' என்று இந்த நாட்டில் யாரும் போர்டு மாட்டலாம். அந்தப் பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. உயில் எழுதிக் கொடுப்பதற்கும் உரிமம் தேவையில்லை. இப்படிப்பட்டவர் கெடுத்துவிட்டால் சட்டச் சேவை பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஒம்பட்ஸ்மனிடம் போக முடியாது, கட்டாயக் காப்புறுதியும் இருக்காது. சொலிசிட்டருக்கு இரண்டும் உண்டு.

வியாபாரக் கடன், கைமாற்று, பங்காளித் தகராறு என்றால் பொதுவாக ஆறு வருடம் அவகாசம். அந்தக் கணக்கை நினைத்துக்கொண்டு வாரிசு விஷயத்தையும் ஆறப்போடுகிறவர்கள் நிறையப் பேர்.

ஆறு மாதம் போய்விட்டது என்றால் கைவிட வேண்டாம். அரசின் புரோபேட் தேடல் பக்கத்தில் இறந்தவரின் குடும்பப் பெயரையும் இறந்த வருடத்தையும் கொடுத்து, கிராண்ட் வந்த திகதியை உறுதிப்படுத்துங்கள். பிந்திப் போட அனுமதி கேட்கலாம். கோவன் வழக்கில் கிட்டத்தட்ட 17 மாதம் பிந்திய விதவைக்கு 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அனுமதி கொடுத்தது. ஏன் பிந்தியது, சொத்து பிரிக்கப்பட்டுவிட்டதா, வழக்கில் சாரம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆகவே காசு பிரியும் முன் எதிர்த்தரப்புக்கு எழுத்தில் அறிவியுங்கள். பழைய ஆளிடம் முழு ஃபைலையும் மின்னஞ்சலில் கேளுங்கள், தொலைபேசியில் அல்ல. வங்கிக் கூற்று, வாட்ஸ்அப் செய்திகள், அவர் தந்த துண்டு ரசீது எதையும் அழிக்காதீர்கள். பிந்தியதற்கான காரணத்தை நீதிபதியிடம் காட்டப்போவது அவைதான். அந்தத் தாயாரின் அனுமதி மனுவில் இப்போது முதலாவது இணைப்பாக இருப்பது, 'சும்மா வெருட்டுறாங்கள்' என்று அதே கன்சல்டன்ட் அன்று மாலை மறுபடியும் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி.