பதிவுக்குப் புகார் வந்தால் போகலாம்: ஈரோட்டில் ஒரு வக்கீல் அலுவலகம்

இணையத்தில் எழுதியது மத உணர்வைப் புண்படுத்திவிட்டது என்று யாராவது புகார் கொடுத்தால் நம் பக்கத்து ஆட்கள் முதலில் ஓடுவது கட்சிக்காரரிடம், இல்லையென்றால் போலீஸில் வேலை பார்க்கும் ஒறம்பரையிடம். நாங்கள் ஒரு வக்கீலம்மாவிடம் போனோம். ஈரோட்டில் அவர் அலுவலகம் தரும் ஆலோசனைச் சேவை பற்றித்தான் இந்த மதிப்புரை. பெயரையும் தெருவையும் எழுதவில்லை. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்துகொள்ளக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 36 சொல்கிறது. தன் பெயரைப் போட்டுப் பாராட்டி எழுதினால் அதுவும் விளம்பரம் மாதிரி ஆகிவிடும், வேண்டாம் என்றார். தேவைப்படுபவர்கள் என்னிடம் நேரில் கேட்டால் சொல்வேன்.

நான் திருச்செங்கோட்டில் அச்சகம் வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோம்பி நோட்டீஸ், ரிக் வண்டிக்காரர்களுக்கு பில் புக், ப்ளெக்ஸ். கடையின் பெயரில் ஊர்ச் செய்திக்காக ஒரு வாட்ஸ்அப் குழுவும் உண்டு. பங்குனி நோம்பி சமயத்தில், பிளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது, எங்கள் கடையில் டிசைன் செய்யும் தம்பி அதில் ஒரு பதிவு போட்டான்: "அம்மனுக்கு நாம மனசுல நெனக்கிறதே கேக்கும். ராத்திரி பத்து மணிக்கு மேல கூம்பு ஸ்பீக்கர் யாருக்கு? எந்தச் சாமிக்குக் கட்டுன ஸ்பீக்கரா இருந்தாலும் கேக்கறேன், படிக்கிற புள்ளைக எங்க போகும்?" இவ்வளவுதான். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. ஆனால் அம்மனைக் கேலி செய்துவிட்டான் என்று நாலைந்து பேர் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். "பொழுதோட வந்துட்டுப் போங்க, பேசி முடிச்சுக்கலாம்" என்று போன் வந்தது.

பள்ளிபாளையம் வழியாக ஈரோடு போய்ச் சேர்ந்தோம். மாடியில் சின்ன அலுவலகம். அங்கே முதலில் நடந்த காரியமே எனக்குப் பிடித்தது. பதிவை அழிக்கலாமா என்று தம்பி கேட்டான். "அழிக்காதீங்க தம்பி. நீங்க எழுதுனத நீங்களே சத்தமாப் படீங்க, நான் கேக்கறேன்" என்றார். படித்தான். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். யாரைப் பார்த்து எழுதினாய், அதற்கு முன்னால் குழுவில் என்ன பேச்சு ஓடியது, யார் பதில் போட்டார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஜூனியரை விட்டு எல்லாவற்றையும் படம் எடுக்க வைத்தார். அழித்துவிட்டால் முழுப் பதிவையும் காட்ட நம் கையில் ஒன்றும் இருக்காது, எதிராளி வெட்டி எடுத்து வைத்திருக்கும் ஒரு வரிதான் நிற்கும் என்றார்.

பிறகுதான் சட்டம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 295ஏ, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 ஆகியிருக்கிறது. மூன்றாண்டு வரை சிறை. வாரண்ட் இல்லாமல் கைது செய்யலாம், ஜாமீன் உரிமையாகக் கிடைக்காது. ஆகவே பயப்படுகிறவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பிரிவு கேட்பது வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு, ஒரு வகுப்பாரின் மத உணர்வைக் கொந்தளிக்க வைக்கும் நோக்கம். 1957இல் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவு செல்லும் என்று சொன்னபோதே, அந்த நோக்கம் இல்லாமல் தெரியாமலோ கவனக்குறைவாகவோ வந்த சொல் இதற்குள் வராது என்றும் சொல்லிவிட்டது. அது மட்டுமில்லை, அரசின் முன் அனுமதி இல்லாமல் நீதிமன்றம் இந்த வழக்கை விசாரணைக்கே எடுக்க முடியாது. மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள குற்றமென்றால் எழுத்தையும் பேச்சையும் வைத்து எப்.ஐ.ஆர். போடுவதற்கு முன்னால் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில், ஒரு கவிதைக்காகப் போட்ட வழக்கை ரத்து செய்த தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதையெல்லாம் அந்த அம்மா ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை லேமினேட் செய்து கடையில் வைத்திருக்கிறேன்.

295ஏ பிறந்த கதையையும் சொன்னார். அச்சுத் தொழில் செய்கிறவன் என்பதால் எனக்கு அது வயிற்றைப் பிசைந்தது. 1924இல் லாகூரில் வெளியான ஒரு நூலுக்காக அதன் பதிப்பாளர் மீது வழக்கு. 1927இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. அதனால் எழுந்த கொதிப்பில் அந்த ஆண்டே வெள்ளைக்காரர்கள் இந்தப் பிரிவைக் கொண்டுவந்தார்கள். 1929இல் அந்தப் பதிப்பாளர் கொல்லப்பட்டார். கோபத்தைத் தணிக்க வந்த சட்டம் அவர் உயிரைக் காக்கவில்லை. நம் கோவையிலேயே 2017 மார்ச்சில், கடவுள் மறுப்பைச் சமூக ஊடகத்தில் எழுதிய ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். அதை நினைக்கும்போது, புகார் கொடுத்தவர்கள் காவல் நிலையத்துக்குப் போனதே ஒரு வகையில் நல்லது என்று நினைத்துக்கொள்வேன்.

குழு அட்மின் நான் என்பதால் எனக்கும் கலக்கம் இருந்தது. அதற்குக் கரூர் வழக்கு ஒன்றைக் காட்டினார். கரூர் வக்கீல்கள் வைத்திருந்த வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் போட்ட பதிவுக்காக அட்மினையும் குற்றவாளியாகச் சேர்த்திருந்தார்கள். அட்மினாக இருந்தது மட்டுமே அவர் செய்த காரியம் என்றால் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லிவிட்டது. "அட்மினா இருக்கறது குத்தமில்லீங்கண்ணா. அவிய போட்டதுக்கு நீங்களும் சேந்து திட்டம் போட்டிருந்தாத்தான் வம்பு" என்றார். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைச் சொல்லி மிரட்டினால் அசர வேண்டாம் என்றும் சொன்னார். 2015 மார்ச் 24இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, செத்துப்போன பிரிவு அது. அதன் பிறகும் அதில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்ததால், 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னது எந்த நல்ல வக்கீலிடமும் கிடைக்கும். இவரிடம் கிடைத்த பெரிய உதவி, "பேசி முடிச்சுக்கலாம்" என்ற அந்தப் பேச்சுக்குக் கூடவே வந்ததுதான்.

திருச்செங்கோட்டுக்காரனுக்குச் சமாதானப் பேச்சு என்றால் என்னவென்று தெரியும். எழுத்தாளர் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவல் வந்தது 2010இல். நாலு வருசம் கழித்து, 2014 டிசம்பரில், ஊரையும் கோயிலையும் இழிவு செய்கிறது என்று எங்கள் ஊரில் அதை எரித்தார்கள். 2015 ஜனவரியில் கடையடைப்பு, என் அச்சகமும் அன்று மூடித்தான் இருந்தது. ஜனவரி 12 அன்று நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் பேச்சு. நிபந்தனையில்லாத மன்னிப்பு எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தது அதற்குப் பிறகுதான். 2016 ஜூலை 5இல் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பேச்சில் எழுதி வாங்கியது அவரைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்து, அவர் மறுபடி எழுத வேண்டும் என்றது. தீர்ப்பு வர ஒன்றரை வருசம் ஆனது. அவருக்கு நாடறிந்த பெயர் இருந்தது, பின்னால் ஆட்கள் இருந்தார்கள். கடையில் டிசைன் செய்யும் பையனுக்கு உயர் நீதிமன்றம் ஏது? நம் ஊர்களில் பேச்சுரிமை போகிற இடம் கோர்ட்டு இல்லை. ராத்திரி எட்டு மணிக்கு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, "ஒரு கையெழுத்துத்தானே, போட்டுட்டு ஊட்டுக்குப் போ சாமி" என்று சொல்லும் அந்த இடத்தில்தான் போகிறது.

எங்களுக்கும் தாள் தயாராக டைப் அடித்து வைத்திருந்தது. "இனிமேல் மதம், கோயில் தொடர்பாக எந்தப் பதிவும் போட மாட்டேன்" என்று அதில் ஒரு வரி. தம்பி பேனாவைக் கையில் எடுத்துவிட்டான். வக்கீலம்மா தாளை வாங்கிப் படித்து, "இந்த வரி வேண்டாமுங்க. ஆயுசுக்கும் வாயக் கட்டிக்கிட்டு எழுதிக் குடுக்கோணும்னு எந்தச் சட்டத்துலயும் இல்லீங்க" என்று மெதுவாகச் சொன்னார். குரல் உயரவே இல்லை. அதற்குப் பதிலாக, யார் மனமும் புண்பட வேண்டும் என்பது என் நோக்கமல்ல, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக எழுதினேன் என்று இரண்டு வரி எழுதச் சொன்னார். அது உண்மை, அவன் தயங்காமல் கையெழுத்துப் போட்டான். நோம்பிக் கமிட்டிப் பெரியவர் ஒருவர், "ஏஞ் சாமி, இத எங்ககிட்ட வந்து சொல்லீருக்கலாமல்ல?" என்று கேட்டார். "சொல்லீருக்கலாமுங்கய்யா. ஆனா ஊருக்கே சொல்றதும் தப்பில்லீங்களே" என்றான். அவர் பதில் பேசவில்லை, கோபப்படவும் இல்லை. அவர் கமிட்டிக்கு நோட்டீஸ் அடிப்பது நான்தான். அவருக்கு மனசு நொந்தது நிஜம் என்று எனக்குத் தெரியும். நொந்ததை அவர் சொல்லட்டும், எழுதட்டும், எங்கள் குழுவிலேயே எழுதட்டும். அதற்காக அடுத்தவனின் வாயைப் பூட்டக் கேட்கும்போதுதான் எனக்கு ஒப்பவில்லை. ஈரோட்டிலிருந்து 1925இல் பெரியாரின் 'குடி அரசு' வந்த மண் இது. அதில் எழுதியதையெல்லாம் ஊர் ஒத்துக்கொண்டா படித்தது?

பதிவு இன்னும் இருக்கிறது.

எல்லோருடைய வழக்கையும் இவர் எடுப்பதில்லை. நாங்கள் காத்திருந்தபோது ஒருவர் கத்திக்கொண்டே இறங்கிப் போனார். வேறு ஒரு மதத்துக்காரர்கள் கடையில் யாரும் எதுவும் வாங்கக் கூடாது, அவர்களை ஊரை விட்டுத் துரத்த வேண்டும் என்று ஆடியோ அனுப்பியவராம். நம்பிக்கையைக் கேள்வி கேட்பது வேறு, மனிதர்களை அடிக்கச் சொல்வது வேறு, இரண்டாவதற்கு என் அலுவலகத்தில் இடமில்லை என்று அனுப்பிவிட்டார். அவருக்கும் ஒரு வக்கீல் வேண்டும்தான். ஆனால் இவரைத் தேடிப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

குறைகளும் உண்டு. மாடிப்படி செங்குத்து, வயதானவர்களால் ஏற முடியாது. மாலை ஆறு மணிக்கு மேல்தான் பார்ப்பார், ஞாயிற்றுக்கிழமை போனே எடுப்பதில்லை. சமாதானப் பேச்சுகளோ விடுமுறையில்தான் திடீரென்று கூடும். அவசரத்துக்கு ஜூனியர் எண்ணையாவது கொடுக்க வேண்டும். அந்த ஜூனியர், "மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டா முடிஞ்சுருமுங்க" என்று காத்திருப்பவர்களிடம் சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, அதை அந்த அம்மாவிடமே சொன்னேன். பதிவைச் சமூக ஊடக நிறுவனமே நீக்கிவிட்டால் இங்கே பெரிய உதவி கிடைக்காது. நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி, அவர் முடிவு பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையத்தில் மனுப் போட வழி காட்டுவார்கள், அவ்வளவே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் அரசே முடக்கச் சொன்னால் உத்தரவை ரகசியமாக வைக்க விதியே இருக்கிறது, ஏன் முடக்கினார்கள் என்பதே எழுதியவருக்குத் தெரியாமல் போகலாம். "அதுக்கு ஹைகோர்ட்டுக்குத்தான் போகோணுமுங்க, எனக்கு அது கைவராது" என்று ஒளிக்காமல் சொன்னார்.

கட்டணம் முதல் அமர்வுக்கு 1,000 ரூபாய். பேச்சுக்குக் கூட வந்தால் 3,000, போக்குவரத்து நம் பொறுப்பு. மாணவர்களிடம் முதல் அமர்வுக்கு வாங்குவதில்லை. அதுவும் முடியாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. போகும்போது போனில் சார்ஜ் இருக்கட்டும், பதிவை அழிக்காமல் கொண்டு போங்கள், காவல் நிலையத்திலிருந்து எழுத்தில் ஏதாவது கொடுத்திருந்தால் அந்தத் தாளையும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் மட்டும் கூப்பிட்டிருந்தால் எந்த எண்ணிலிருந்து, எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள், அந்த அம்மா முதலில் கேட்பது அதைத்தான்.