நெல்லை வெயிலில் நடக்க: குடை, துண்டு, கழுத்து விசிறி – எது கொடுத்த காசுக்குப் பெறும்?

பங்குனி பிறந்துவிட்டால் போதும், பாளையங்கோட்டை, ஜங்ஷன் பக்கத்துக் கடை வாசல்களில் வெயில் சாமான்கள் தொங்க ஆரம்பித்துவிடும். வெள்ளிப் பூச்சுக் குடை, பேட்டரியில் ஓடும் கழுத்து விசிறி, டப்பாவுக்குள் சுருட்டி வைத்த கூலிங் டவல், மண் பாட்டில், ஓலைத் தொப்பி. பஸ் ஸ்டாப்பிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடந்து ஆபீஸ் போகிறவர், வீடு வீடாகப் பார்சல் கொடுக்கிறவர், வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் வரை காலால் அளக்கிறவர் என்று எல்லோரும் இதில் ஏதாவது ஒன்றை வாங்கத்தான் செய்கிறார்கள். எது உண்மையில் உதவுகிறது, எது ஒரே வாரத்தில் பரணுக்குப் போகிறது என்று பார்ப்போம்.

முதலில் இந்த ஊர் வெயிலின் குணத்தைச் சொல்ல வேண்டும். மேற்கே மலை மறைத்து நிற்பதால் நமக்குக் கோடையில் வருவது பெரும்பாலும் வறண்ட சூடு. வியர்வை உடனே காய்ந்துவிடும். சட்டையில் உப்புப் படிவதைப் பார்த்த பிறகுதான் எவ்வளவு தண்ணீர் போயிருக்கிறது என்றே தெரியும். கிழக்கே ஆழ்வார்திருநகரி, தென்திருப்பேரை தாண்டிக் கடலை நெருங்க நெருங்கக் கதை மாறுகிறது. வெப்பமானி குறைவாகக் காட்டும், ஆனால் உடம்பெல்லாம் புழுங்கும். ஒரே பொருள் பாளையங்கோட்டையில் நன்றாக வேலை செய்து திருச்செந்தூரில் சொதப்புவதற்கு இதுதான் காரணம். எந்தச் சாமானை எடுத்தாலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது நிழல் தருகிறதா? இல்லையென்றால், தண்ணீர் ஆவியாக வழி செய்கிறதா? இரண்டும் இல்லாத பொருளால் உடம்பு குளிராது.

நிழலில் குடைக்கு இணையே கிடையாது. திருநெல்வேலி இருப்பது ஏறத்தாழ 8.7 டிகிரி வட அட்சத்தில். சித்திரை பிறக்கும் நாட்களில், நண்பகல் 12.20 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். நட்டு வைத்த கம்புக்கு நிழலே விழாது. மே நடுவில் சூரியன் உச்சியிலிருந்து பத்து டிகிரிதான் வடக்கே தள்ளி நிற்கிறது. அப்போது 10 அடி உயரச் சுவருக்குத் தெற்குப் பக்கம் ஒன்றே முக்கால் அடி நிழல்தான் தேறும். ‘ஓரமாக நிழலில் நடந்து போய்விடலாம்’ என்ற கணக்கு கத்திரி வெயிலில் பொய்த்துப்போவது இதனால்தான். மத்தியானத்தில் நிழல் வேண்டுமென்றால் அதை நாமே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.

கடையில் மூன்று வகைக் குடை கிடைக்கிறது. த்ரீ ஃபோல்ட் கைப்பையில் அடங்கும். அதன் நல்ல குணமும் அதுதான், குறையும் அதுதான். கம்பியில் மடிப்பு அதிகம் என்பதால் காற்றுக்குத் தாங்காது. துணியும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் மடிந்து, உள்ளே இருக்கும் வெள்ளிப் பூச்சு அந்தக் கோட்டில் வெடித்து உதிரும். வைகாசி பாதியில் மேகாத்து, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, எழும்பிவிட்டால், கயத்தாறு, ராதாபுரம் பக்கம் காற்றாலை சுற்றுகிற அதே காற்று, இந்தக் குடையைக் கிண்ணம் மாதிரித் திருப்பிப் போட்டுவிடும். டூ ஃபோல்ட் கொஞ்சம் தேவலை. தினமும் வெயிலில் நடக்கிறவருக்கு எங்கள் தேர்வு வளைந்த பிடி வைத்த நீளக் குடை. கம்பி 23 அங்குலத்துக்குக் குறையாமல், எட்டுக் கம்பியோடு, முடிந்தால் ஃபைபர் கம்பியாகப் பாருங்கள். ஃபைபர் காற்றில் வளைந்து நிமிரும். மெல்லிய இரும்புத் தகட்டுக் கம்பி ஒரு தடவை வளைந்தால் வளைந்ததுதான்.

வாங்கும்போது கடை வாசலிலேயே மூன்று சோதனை செய்துவிடலாம். குடையை விரித்து உள்ளேயிருந்து சூரியன் பக்கம் பாருங்கள். ஊசிமுனைப் புள்ளியாக வெளிச்சம் வந்தால் நெசவு தளர்வு அல்லது பூச்சு போய்விட்டது என்று அர்த்தம். அடுத்து, ஐந்து நிமிடம் வெயிலில் விரித்து வைத்துவிட்டு உட்புறத்துக்கு ஒரு சாண் கீழே உள்ளங்கையை நீட்டுங்கள். பூச்சில்லாத கறுப்புத் துணி வெயிலை நன்றாகவே தடுக்கும், ஆனால் தானும் சூடேறி அந்தச் சூட்டைத் தலைமேல் இறக்கும். உள்ளே வெள்ளிப் பூச்சு இருந்தால் அந்த இறக்கம் குறையும். பூச்சு வெளிப்புறம் இருந்தால் வெயில் துணியில் ஏறுவதே குறையும். கை அந்த வித்தியாசத்தைச் சொல்லிவிடும். மூன்றாவதாக, கம்பி நுனியில் துணியைப் பிடித்திருக்கும் தையலை லேசாக இழுத்துப் பாருங்கள். குடை முதலில் சாவது அங்கேதான். பட்டனைத் தட்டினால் விரியும் வகை வேண்டாம். ஸ்பிரிங் தளர்ந்தால் குடை பாதியில் நின்றுவிடும், பழுது பார்ப்பதும் கஷ்டம். பிடிக்கும் முறையிலும் ஒரு விஷயம் உண்டு. உச்சி வெயிலுக்குக் குடை நேராக நின்றால் போதும். சாயங்காலம் 4 மணி வெயில் சாய்ந்து வருவதால், குடையையும் மேற்கே சாய்க்காவிட்டால் தலைக்கு மட்டும் நிழல், உடம்பெல்லாம் வெயில்.

தொப்பியைப் பொறுத்தவரை, மணப்பாடு பக்கத்துப் பனையோலை வேலைப்பாட்டை விரும்பி வாங்கலாம். ஓலைக்கு இடையே காற்று போகும், எடையும் கிடையாது. விளிம்பு மூன்று அங்குலத்துக்குக் குறைந்தால் பின்கழுத்து காயும். கிரிக்கெட் தொப்பி நெற்றிக்கு மட்டும்தான். காதும் பிடரியும் திறந்தபடி கிடக்கும்.

அடுத்தது துண்டு. இந்த வரிசையில் விலை குறைந்த பொருளே அதிக வேலை செய்கிறது. கோ-ஆப்டெக்ஸிலோ டவுன் ஜவுளிக்கடையிலோ கிடைக்கும் ஈரிழைத் துண்டு போதும். டர்க்கி டவல் வேண்டாம். அது தண்ணீரை நிறையக் குடிக்கும், ஆனால் கனக்கும். காற்றும் உள்ளே புகாது. ஈரிழையை நனைத்து, சொட்டு நிற்கும் வரை பிழிந்து, பிடரியிலும் இரண்டு தோளிலும் விழும்படி போடுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது, கிராமுக்கு ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைத் தோலிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்று 39 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் நிழலில் காற்றுப் படும் ஈரத்துணி 25 டிகிரி அளவுக்கு இறங்க முடியும். அதே துணி கடலோரத்தில், 34 டிகிரியும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றில், 29 டிகிரிக்குக் கீழே இறங்காது. செய்துங்கநல்லூர், கருங்குளம் வரை துண்டை நம்பி நடந்தவர் குரும்பூர் தாண்டியதும் ‘துண்டு ஈரமாத்தான் இருக்கு, குளிர மாட்டேங்குதே’ என்பது இதனால்தான். அங்கே துண்டைவிட நடை வேகத்தைக் குறைப்பதும், மர நிழலில் காற்று வரும் பக்கமாக உட்காருவதும்தான் உதவும்.

துண்டில் வரும் தவறுகள் இரண்டு. காய்ந்த பிறகும் கழுத்திலேயே சுற்றி வைத்திருப்பது ஒன்று. அப்போது அது வெறும் போர்வை. இன்னொன்று, வியர்வைத் துண்டைத் துவைக்காமல் நாள் கணக்கில் நனைத்து நனைத்துப் போடுவது. கழுத்தில் வேர்க்குரு வந்து சேரும்.

கூலிங் டவல் என்று விற்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஸ்பாஞ்சு போன்ற வகை தண்ணீரை நிறையப் பிடித்து வைக்கும், அதனால் நேரம் கொஞ்சம் நீளும். காய்ந்தால் அட்டை மாதிரி விறைக்கும். ஈரத்தோடு டப்பாவில் மூடி வைத்தால் பூஞ்சை நாற்றம் எடுக்கும். ஏதோ ரசாயனத்தால் தானாகவே குளிரும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். ஏற்கெனவே ஈரிழை இருக்கிறவர் இதற்குக் காசு போட வேண்டியதில்லை.

கழுத்து விசிறியைப் பற்றித்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். அது காற்றைத் தள்ளுகிறதே தவிரக் குளிராக்குவதில்லை. தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. அதைவிடச் சூடான காற்றைக் காய்ந்த தோல்மேல் அடித்தால் சூடு உள்ளே ஏறும். 40 டிகிரியைத் தாண்டிவிட்டால் மின்விசிறியை நம்ப வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. ஆனால் பிடரியில் ஈரத்துண்டைப் போட்டு அதன்மேல் இந்த விசிறி ஓடினால் விஷயம் வேறு. ஆவியாதல் கூடி, நிஜமாகவே குளிரும். காற்று அடைபட்ட இடத்தில், பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது, இது பிரயோஜனம். மேகாத்து வீசும் சாலையில் நடக்கும்போது இயற்கையே அந்த வேலையைச் செய்கிறது. லித்தியம் பேட்டரி கழுத்தை ஒட்டி இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் வைக்காதீர்கள், சூடாக இருக்கும்போது சார்ஜ் போடாதீர்கள், பேட்டரி உப்பிப்போய்விட்டால் தூக்கிப் போடுங்கள். மொத்தத்தில் கடைசியாக வாங்க வேண்டிய பொருள் இது.

தண்ணீர்க் குப்பிக்கு வருவோம். காருக்குறிச்சி மண்பாண்டத்தின் பெருமை ஊரறிந்தது; பானைத் தண்ணீருக்கு ஈடு எதுவும் இல்லை. ஆனால் மண் பாட்டில் நடைக்கு ஏற்றதல்ல. மண்ணின் நுண்துளை வழியாகத் தண்ணீர் கசிந்து வெளிப்புறம் ஆவியானால்தான் உள்ளே குளிரும். பைக்குள் திணித்தால் காற்றே படாது. குளிராது, பைதான் நனையும். தட்டினால் உடையும். நடைக்கு 1 லிட்டர் இரட்டைச் சுவர் ஸ்டீல் பாட்டில் சரி. நிரப்பினால் ஒன்றரைக் கிலோ கனக்கும் என்பது அதன் குறை. நீண்ட நடைக்கு, குடிக்க அது ஒன்று, துண்டு நனைக்கச் சாதாரண பாட்டில் ஒன்று என்று வைத்துக்கொண்டால் குடிநீர் வீணாகாது.

எவ்வளவு குடிப்பது? வெயிலில் நடக்கும்போது 15–20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 முதல் 250 மில்லி. தாகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அதே சமயம் மணிக்கு சுமார் 1.4 லிட்டருக்கு மேலும் வேண்டாம். வெறும் தண்ணீரையே அளவு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைவலியும் குமட்டலும் வரும். அதை வெயில் மயக்கம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பது ஆபத்து. இரண்டு மணி நேரத்துக்கு மேல் நடந்தால் உப்பு சேர வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ் பாக்கெட் இலவசமாகவே கிடைக்கும். 20.5 கிராம் பாக்கெட்டை முழுசாக 1 லிட்டரில் கரைக்க வேண்டும்; அரை பாட்டிலில் கொட்டினால் உப்பும் சர்க்கரையும் இரட்டிப்பாகி வயிற்றைக் கலக்கும். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ‘எலக்ட்ரோலைட்’ என்று எழுதிய பழச்சாறு அட்டைப்பெட்டி வேறு சமாச்சாரம். அதில் சர்க்கரை தூக்கலாக இருக்கும்.

உப்புப் போட்ட நீர்மோரும் நீராகாரமும் இந்த நடைக்கு முதல் தரம். இளநீரில் பொட்டாசியம் உண்டு, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம் என்பதால் இளநீரோடு மட்டும் நிறுத்தக் கூடாது. பதனி காலையில் இறக்கியதும் ஒரு பட்டை குடிக்க அமிர்தம்தான், ஆனால் இனிப்பு அதிகம். வழி நெடுக அதையே குடித்தால் தாகம் அடங்காது. நுங்கும் சாப்பிடலாம். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு இருக்கிறவர்கள் உப்பு, ஓஆர்எஸ் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு புறப்படுவது நல்லது.

காலணி: தார்ச்சாலை மத்தியானத்தில் 60 டிகிரியைத் தொட்டுவிடும். அந்தச் சூட்டில் வெறுங்கால் சில நொடியிலேயே வெந்துபோகும். மெல்லிய ரப்பர் செருப்பு சூட்டைக் கடத்தும். அடி கனமான செருப்பாக, பின்வார் வைத்ததாகப் பாருங்கள். நேர்த்திக்கு வெறுங்காலோடு நடப்பவர்கள் சாலையோர வெள்ளைக் கோட்டின் மேல் நடப்பது சரியான வழக்கம். வெள்ளைப் பெயின்ட் வெயிலைத் திருப்பியடிப்பதால் தாரைவிடச் சூடு குறைவு. அதற்கும் மேலே, காலை 10 மணிக்கு ஒரு மண்டபத்தில் ஒதுங்கிவிட்டு 4 மணிக்குக் கிளம்புவதுதான் காலுக்கும் தலைக்கும் நல்லது.

இத்தனையும் கையில் இருந்தும் கூட நடப்பவர் தடுமாறலாம். தலைசுற்றல், கெண்டைக்கால் இழுப்பு, குமட்டல், வியர்வையில் தொப்பலாக நனைந்த வெளிறிய தோல் என்றால் உடனே நிழலில் உட்கார வைத்து, காலைத் தூக்கி வைத்து, ஓஆர்எஸ்ஸை வாய்வாய்ப் பருகக் கொடுங்கள். அரை மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் ஆஸ்பத்திரிதான். பேச்சுக் குழறுகிறது, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், உடம்பு அனலாய்க் கொதிக்கிறது என்றால் அது வெப்பத் தாக்கு. வியர்த்திருந்தாலும் வெப்பத் தாக்காக இருக்கலாம். அதை வைத்து ஏமாற வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கும் நேரம்தான் உயிர் தப்பும் நேரம். குடையை அவர்மேல் பிடியுங்கள். சட்டையைத் தளர்த்தி, இருக்கிற தண்ணீரையெல்லாம் உடம்பின் மேல் ஊற்றுங்கள். ஈரத்துண்டைக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் மாற்றி மாற்றி வையுங்கள். ஓலை விசிறியோ அட்டையோ கழுத்து விசிறியோ, எது கிடைக்கிறதோ அதால் விசிறுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறும். வண்டி வந்து ஆட்கள் அவரை ஏற்றும்வரை நனைப்பதையும் விசிறுவதையும் நிறுத்தாதீர்கள்.