சர்க்கரை "வேரோடு போகும்" என்று சொல்லி 26,400 ரூபாயைப் பறித்தார்கள், உஷார்

கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோயை வேரோடு குணப்படுத்தும் மூலிகைப் பொடி என்று முகநூலில் ஓயாமல் விளம்பரம் ஓட்டும் ஒரு ஆன்லைன் கும்பலிடம் எங்கள் வீட்டுப் பணம் 26,400 ரூபாய் போயிருக்கிறது. பெயர் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மிரட்டியிருப்பதால் போடவில்லை. எப்படிப் பிடிக்கிறார்கள், எப்படித் தப்பிப்பது என்று விரிவாகவே சொல்கிறேன்.

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மெட்ஃபார்மின் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. காசு கொடுக்காமல் வருவதாலேயே அவருக்கு அதன் மேல் மரியாதை கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு "இதையே போடுங்க" என்பார், அவ்வளவுதான். வெளியே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் அவரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் தான் சொல்வதை உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் இல்லையே என்ற குறை அப்பாவுக்கு இருந்தது. இவர்கள் நுழைந்தது அந்த வழியாகத்தான்.

விளம்பரத்தில் நம்பரைப் போட்டதும் "வைத்தியர்" என்று ஒருவர் அழைத்தார். வார்த்தைக்கு வார்த்தை ஐயா. தூக்கம் வருதா, பாதம் மரத்துப்போகுதா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கீங்க என்று நிதானமாகக் கேட்டார். ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் வாங்கி, எச்.பி.ஏ.1.சி என்ற ரத்தச் சர்க்கரைச் சோதனையின் அளவை அவரே வாசித்து விளக்கினார். நான் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே, எப்போது மாட்டுவார் என்று காத்திருந்தேன். அப்போது சொன்னார்: "ஐயா, இங்கிலீஷ் மருந்தை எடுத்த உடனே நிறுத்திடாதீங்க, அது ஆபத்து. பொடி உடம்புல சேரட்டும். அப்புறம் நான் சொல்றப்போ நிறுத்திக்கலாம்."

இவ்வளவு பொறுப்பாகப் பேசுகிறவன் ஏமாற்றுவானா? அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் யூ.பி.ஐ.யில் பணம் போனது. மூன்று மாதத்துக்கான பொடி, 26,400 ரூபாய், மொத்தமும் முன்பணம்.

கொஞ்ச நாளில் "இப்போ மாத்திரையை விட்டுடுங்க" என்று அழைப்பு வந்தது. அப்பாவும் சந்தோஷமாக விட்டுவிட்டார். வெறும் வயிற்றில் பார்த்த சர்க்கரை 300-ஐத் தாண்டியது. போன் செய்தால், "நச்சு வெளியேறுது சார், குணமாகும்போது முதல்ல ஏறித்தான் இறங்கும்." அடுத்த முறை வேறொருவர் எடுத்தார்: "இத்தனை வருஷம் கெமிக்கல் சாப்பிட்டிருக்காரே, அது கணையத்தைக் கெடுத்து வெச்சிருக்கு." அதற்கும் அடுத்த முறை ஒரு பெண் குரல், பத்தியம் சரியில்லை என்றது. கடைசியாக, நம்பிக்கை இல்லாமல் சாப்பிட்டால் எந்த மருந்தும் வேலை செய்யாதாம். சர்க்கரை இறங்கினால் பொடியின் மகிமை, ஏறினால் எங்கள் கோளாறு! இதற்குள் அப்பாவின் கால் விரலில் இருந்த சின்னப் புண் சீழ் பிடித்துவிட்டது. இப்போது இன்சுலின் ஊசியில் இருக்கிறார். டாக்டர் திட்டவில்லை, டப்பாவை மட்டும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. மூலிகை என்று விற்ற சில பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரையையே கலந்திருந்ததை உலகின் பல இடங்களில் பிடித்திருக்கிறார்கள். இவர்கள் அந்த அளவுக்குக்கூடச் செலவு செய்யவில்லை போலிருக்கிறது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். 15 நாளுக்குள் கேட்டிருக்க வேண்டுமாம். எச்.பி.ஏ.1.சி என்பது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. "மூணு மாசம் கழிச்சுப் பாருங்க, ரிப்போர்ட் பேசும்" என்று சொன்னதும் இவர்கள்தான். பலன் தெரிய மூன்று மாதம், பணம் கேட்க 15 நாள். தெரிந்தே வைத்த கணக்கு இது. திறந்த டப்பாவுக்குப் பணம் வராது என்றார்கள், பிறகு மேலாளர் கூப்பிடுவார் என்றார்கள், பிறகு என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

அவர்களுடைய முகநூல் பக்கத்தில் போய் நடந்ததை எழுதினேன். "அலோபதி ஏஜென்ட்", "தமிழர் மருத்துவத்தின் எதிரி" என்று நாலைந்து பேர் பாய்ந்தார்கள், கொஞ்ச நேரத்தில் என் கமென்டும் காணோம். சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் இதே கதை. சித்தமா, இங்கிலீஷ் மருந்தா என்று இரண்டு நாள் சண்டை. 26,400 ரூபாய் எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. இந்தச் சண்டை ஓயாமல் நடக்கும்வரை இவர்கள் பிழைப்புக்குக் குறைவே வராது.

சித்த மருத்துவத்துக்கும் இவர்களுக்கும் என்ன சம்பந்தம்? பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் ஐந்தரை வருடப் படிப்பு. படித்தவர்கள் கவுன்சிலில் பதிவு செய்து நம்பர் வாங்குகிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமே இருக்கிறது. போனில் பேசிய அந்த "வைத்தியரிடம்" பதிவு எண் கேட்டதற்கு, "நாங்க பரம்பரை வைத்தியம் சார்" என்றார். "அவங்களோடது கெமிக்கல், எங்களோடது செடி" என்பதும் பொய். அப்பா அலட்சியம் செய்த மெட்ஃபார்மினுக்கு மூலமே கலேகா என்ற ஒரு செடிதான். அதிலிருந்த வேதிப்பொருளைத் தொடர்ந்து போய், 1922-இல் மெட்ஃபார்மினை உருவாக்கினார்கள். 1957-இல் ழான் ஸ்டெர்ன் என்ற பிரெஞ்சு மருத்துவர் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த முடிவை வெளியிட்டார். எவ்வளவு கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தப் பொடிக்கு அப்படி ஒரு துண்டுச்சீட்டாவது உண்டா?

விரிவாகச் சொல்கிறேன் என்றேன், அப்பாவுக்குக் கட்டு மாற்ற நேரமாகிவிட்டது, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். சர்க்கரையைக் குணப்படுத்துவோம் என்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றம், எந்த முறை மருந்தாக இருந்தாலும் சரி. அந்த வார்த்தையைப் பார்த்தாலே விலகிவிடுங்கள். டப்பாவில் இருக்கும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணைக் காட்டி "அரசு அங்கீகாரம்" என்பார்கள். அது உணவுப் பொருளுக்கான உரிமம், மருந்துக்கானது இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர் உங்களை நேரில் பார்த்தவராக இருக்க வேண்டும். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, பணமோசடி என்றால் 1930. நான் இரண்டிலும் சொல்லியிருக்கிறேன், இன்னும் ஒன்றும் நகரவில்லை. பேசியதை ரெக்கார்டு செய்யுங்கள், விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், எனக்குத் தெரிந்து அந்த விளம்பரம் இப்போது வேறு பெயரில் ஓடுகிறது. பில் கேட்டு வாங்குங்கள். 26,400 ரூபாய்க்கு எனக்கு வந்தது "நலம் பெருகட்டும்" என்று பூப்போட்ட ஒரு வாட்ஸ்அப் படம்.