ஓம் அளவா, வோல்ட்–ஆம்பியர் கணக்கா, மீட்டர் சிமிட்டலா: மின்தடையும் திறனும் காணும் மூன்று வழிகள்

வீட்டில் உள்ள ஒரு மின்கருவியின் மின்தடையையும் திறனையும் அறிய மூன்று வழிகள் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. கருவியைப் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து அளப்பது ஒன்று. கருவி இயங்கிக்கொண்டிருக்கும்போதே மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்து மின்தடையையும், இரண்டையும் பெருக்கித் திறனையும் பெறுவது இன்னொன்று. மூன்றாவது வழி, வாசலில் மாட்டியிருக்கும் ஈபி மீட்டரின் சிமிட்டும் விளக்கை எண்ணுவது. பெரம்பூரில் உள்ள எங்கள் வீட்டில், ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு மல்டிமீட்டரையும் ஒயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் ஒரு கிளாம்ப் மீட்டரையும் வைத்துக்கொண்டு, இந்த மூன்றையும் ஒரே மாலையில் செய்து பார்த்தேன். வெயில் காலத்து மாலை என்பதால் தெரு முழுவதும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. 230 வோல்ட் இருக்கவேண்டிய பிளக்கில் 218 வோல்ட்தான் இருந்தது.

முதலில் 230 வோல்ட்டுக்கு 1000 வாட் என்று பொறிக்கப்பட்ட இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டேன். குளிர்ந்த நிலையில் ஓம் அளவு 51.9 காட்டியது, மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்தபோது தெரிந்த 0.3 ஓமைக் கழித்தால் 51.6. சூடேறிய பிறகு மின்னோட்டம் 4.1 ஆம்பியர், 218ஐ 4.1ஆல் வகுத்தால் 53.2 ஓம், பெருக்கினால் 894 வாட். எங்கள் ஈபி மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது 1000 வாட் ஒரு மணி நேரம் ஓடுவதற்கு, 3200 சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கிறது. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, தெர்மோஸ்டாட் துண்டிக்காத ஒரு நிமிடத்தில் எண்ணியபோது 48 சிமிட்டல்கள் கிடைத்தன, அதாவது 900 வாட். மூன்று வழிகளும் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்கின்றன. இழையாக இருக்கும் நிக்ரோம் கம்பி சூட்டில் மின்தடையை அதிகம் மாற்றிக்கொள்ளாததே இதற்குக் காரணம். மின்னழுத்தம் ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்ததற்கு, திறன் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டதையும் கவனிக்கவேண்டும். மின்தடை மாறாதபோது திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது.

இந்த ஒற்றுமையை நம்பி, ஓம் அளவே போதும் என்று முடிவுகட்டினால் அடுத்த கருவியில் பெரிய தவறு நேரும். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை எடுத்துக்கொள்வோம். குளிர்ந்த நிலையில் அதன் மின்தடை 38 ஓம். அதை வைத்து, மின்னழுத்தத்தின் இருமடியை மின்தடையால் வகுக்கும் வாய்பாட்டின்படி கணக்கிட்டால் 1250 வாட் வருகிறது. அறையைச் சுட்டெரிக்கும் ஹீட்டரின் திறன் அது. பல்பை எரியவிட்டு அளந்தால் 0.42 ஆம்பியர் ஓடுகிறது: மின்தடை 519 ஓம், திறன் 92 வாட். டங்ஸ்டன் இழை இரண்டாயிரம் டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகும்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கும் மேலாக உயர்கிறது. கணக்கில் பிழை ஏதுமில்லை. பல்பு எந்த நிலையில் வேலை செய்யாதோ அந்த நிலையின் மின்தடையை எடுத்துக்கொண்டதுதான் பிழை. சூடாகி வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும், வேலை செய்யும் வேளையில் எடுத்த வோல்ட்டும் ஆம்பியரும்தான் உண்மையான மின்தடையைத் தரும் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

மிகச் சிறிய மின்தடைகளிலும் இந்த வழியே வெல்கிறது. 0.1 ஓம் கம்பித்துண்டை ஓம் அளவில் வைத்தால், மீட்டர் ஒயர்களின் 0.3 ஓமும் சேர்ந்து 0.4 என்று காட்டும். அதே துண்டில் 2 ஆம்பியர் நேர்மின்னோட்டத்தைச் செலுத்தி, துண்டின் இரு முனைகளிலேயே வோல்ட்மீட்டரை வைத்தால் 0.2 வோல்ட் கிடைக்கும். ஒயர்களின் மின்தடை கணக்குக்குள் நுழைவதே இல்லை.

கிளாம்ப் மீட்டரைப் பயன்படுத்துவோர் ஒன்றை மறக்கக்கூடாது. அதன் வாய்க்குள் ஒற்றை ஒயர் மட்டுமே போகவேண்டும். போகும் ஒயரும் வரும் ஒயரும் சேர்ந்து போனால் இரண்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று அழித்து, மீட்டர் சுழியத்தைக் காட்டும்.

வோல்ட்–ஆம்பியர் கணக்கு தோற்கும் இடமும் உண்டு. எங்கள் பழைய ஃபிரிட்ஜ் 1.1 ஆம்பியர் எடுத்தது, பெருக்கினால் 240. கம்ப்ரசர் ஓடும்போது ஐந்து நிமிடம் எண்ணியதில் மீட்டர் 40 முறைதான் சிமிட்டியது, அதாவது 150 வாட். மாறுதிசை மின்னோட்டத்தில், மோட்டாரின் காயிலால் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வருகிறது. ஆகவே பெருக்கி வரும் 240 என்பது வோல்ட்–ஆம்பியர்தானே தவிர வாட் அன்று. இரண்டுக்கும் இடையிலான விகிதமான திறன் காரணி இங்கே ஏறக்குறைய 0.63. வகுத்து வரும் 198 ஓமும் மின்தடை அன்று; மாறுதிசை மின்னோட்டத்துக்குக் காயில் காட்டும் தடுப்பும் சேர்ந்த மின்னெதிர்ப்பு அது. சிறிய எல்இடி பல்புகளிலும் இதே இடைவெளி இருக்கிறது. வீடுகளில் பில் வருவது வாட்டுக்குத்தான் என்பதால், மோட்டார் உள்ள கருவிகளின் திறனுக்கு நான் சிமிட்டலையே நம்புகிறேன். அது மின்தடையைப் பற்றி எதுவும் சொல்லாது. எண்ணும் நேரத்தில் வீட்டில் மறந்துபோய் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செட்டாப் பாக்ஸ்கூட எண்ணிக்கையைக் கெடுத்துவிடும்.

அதே ஃபிரிட்ஜில்தான் ஓம் அளவுக்கும் உரிய இடம் கிடைக்கிறது. கம்ப்ரசர் கிளம்பாமல் முனகினால், பிளக்கைக் கழற்றி, கம்ப்ரசரைக் கிளப்பிவிடும் சுவிட்சான ரிலேயை எடுத்துவிட்டு, மூன்று பின்களுக்கிடையே இரண்டிரண்டாக அளக்கவேண்டும். கிடைக்கும் மூன்று அளவுகளில் பெரியது, மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருந்தால் ஸ்டார்ட்டிங் காயிலும் ரன்னிங் காயிலும் அறுந்துபோகவில்லை என்று கொண்டு, அடுத்து ரிலேயைச் சோதிக்கலாம்.